பிள்ளை முகம் பார்க்கிறதா? வாசகர் கேள்விகள், குழந்தைகள் கண் மருத்துவர் பதில்கள்

பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளின் பார்வை பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கடிதங்கள் கட்டாக வந்தன. முப்பது வருடமாகத் திருநெல்வேலிப் பக்கம் குழந்தைகளுக்கு மட்டுமே கண் பார்த்து வருகிறேன். பாதிக் கடிதங்களுக்கு மேல் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்." அந்த வரிக்காகவே இந்தப் பக்கங்களை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. துபாயில் இருக்கும் கணவருக்காகப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கண்ணில் சிவப்பாகவும் இன்னொரு கண்ணில் வெள்ளையாகவும் தெரிகிறதே என்று அவர்தான் கேட்டார். பிளாஷ் வெளிச்சத்தால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால், சாயங்கால நேரத்தில் அந்தக் கண் பூனைக்கண் மாதிரி மின்னுகிறது. என்ன செய்ய?
(ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே பத்திரிகை அலுவலகத்தில் எண் வாங்கி உங்களுடன் பேசிவிட்டேன். மறுநாளே குழந்தையைக் காட்டியும் விட்டீர்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

மங்கலான அறையில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால், வெளிச்சம் கண் பாப்பா வழியே உள்ளே போய், பின்புறம் உள்ள ரத்த ஓட்டம் நிறைந்த திரையில் பட்டுத் திரும்பும். அதனால்தான் படத்தில் கண் சிவப்பாகத் தெரிகிறது. அந்தச் சிவப்பு வருவது நல்ல செய்தி. ஒரு கண்ணில் சிவப்பும் மறு கண்ணில் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சளும் வந்தால், வெளிச்சத்தை வழியில் ஏதோ ஒன்று மறிக்கிறது என்று பொருள். குழந்தை பக்கவாட்டில் பார்த்தபோது எடுத்த படத்தில் கண் நரம்பின் மேல் வெளிச்சம் பட்டும் வெள்ளையாகத் தெரியலாம். அது நோய் அல்ல. ஆனால் எது எது என்று வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. கண் பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரியவைத்து உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

நாங்கள் முதலில் பயப்படுவது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய்க்கு. 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வரும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். வலி இருக்காது, குழந்தை அழாது, ஓடியாடி விளையாடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். பல நேரம் கண்ணையும், ஓரளவு பார்வையையும்கூடக் காப்பாற்றிவிடலாம். கண்ணை விட்டு வெளியே பரவிவிட்டால் கதையே வேறு. ஒரு பிள்ளைக்கு இது இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

வெள்ளை தெரிவதற்கு இன்னொரு முக்கியக் காரணம் பிறவிக் கண்புரை. புரை என்றால் தாத்தா பாட்டிக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம், தொட்டில் பிள்ளைக்கும் வரும். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக நிறைய வந்தார்கள். தாய்மார்களை விசாரித்தால், பெரும்பாலானோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ருபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது. அம்மாக்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் கிடைத்த உண்மை அது. இன்று தடுப்பூசி இருக்கிறது. 2017-ல் தட்டம்மை ருபெல்லா ஊசியை அரசு தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று. விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இருந்தது புரைதான். பார்வை மீதி இருக்கும்போதே வந்தீர்கள். ஒரு கண்ணில் பிறவியிலேயே அடர்த்தியான புரை இருந்தால் ஆறு வாரத்துக்குள்ளேயே அறுவை சிகிச்சை செய்ய விரும்புவோம். உங்கள் மகளுக்குப் புரை பிறகு வளர்ந்ததாகத் தோன்றுவதால் நம்பிக்கை இருக்கிறது. அறுவை முடிந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். கண்ணாடி, நல்ல கண்ணை மூடி ஒட்டுவது, மாதாமாதம் பரிசோதனை. அதில் தளரவே கூடாது.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்கு இரண்டரை மாதம். என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. டியூப் லைட்டையே வெறித்துப் பார்க்கிறான். கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்புகிறான். கழுத்தே நிற்கவில்லை, அதற்குள் என்ன பார்வை என்று அத்தை சொல்கிறார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
(ஒரு வாசகி, சங்கரன்கோவில்)

பதில்: இல்லை. நீங்கள் பயப்படுவது சரி.

பிறந்த குழந்தைக்கு எல்லாமே மங்கல்தான். முக்கால் அடி, ஒரு அடி தூரத்தில் இருப்பது மட்டும் ஓரளவு தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகத்தை நிலையாகப் பார்த்துப் பதிலுக்குச் சிரிக்கும். மூன்று மாதத்துக்குள் மெதுவாக நகரும் பொருளைக் கண்ணால் பின்தொடரும். நான்கு, ஐந்து மாதத்தில் எட்டிப் பிடிக்கும். ஒன்பது, பத்து மாதத்தில் தரையில் கிடக்கும் ஒற்றைச் சோற்றுப் பருக்கையைப் பொறுக்கி வாயில் வைக்கும். அது தொந்தரவாகத் தெரியும், ஆனால் எனக்கு அதைவிட நல்ல பார்வைச் சான்றிதழ் கிடையாது.

கிலுகிலுப்பையை நம்பாதீர்கள். அவன் திரும்புவது சத்தத்துக்கு. என் அறையில் ஒரு அப்பா சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி, "பாருங்க டாக்டர், நல்லாத்தானே பார்க்கிறான்" என்றார். சாவிகளை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து அதே மாதிரி ஆட்டச் சொன்னேன். குழந்தை அசையவில்லை. அவர் முகம் மாறியது இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். வயிறு நிறைந்து, தூக்கக் கலக்கம் இல்லாமல் அவன் அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து அவனை மடியில் நிமிர்த்திப் படுக்கவையுங்கள். ஒரு அடி தூரத்தில் உங்கள் முகம். பேசக் கூடாது, வளையல் குலுங்கக் கூடாது, மூச்சுக்காற்று அவன் மேல் படக் கூடாது. கண்ணைப் பிடித்தானா என்று பாருங்கள். பிறகு மிக மெதுவாக ஒரு பக்கம் நகருங்கள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட துணியை வைத்தும் செய்யலாம். ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். இன்னொன்று: உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்துப் பாருங்கள், அப்புறம் மறு கண்ணை. ஒரு பக்கம் மறைத்தால் சும்மா இருந்து, மறு பக்கம் மறைக்கும்போது மட்டும் அழுது கையைத் தள்ளினால், நீங்கள் அப்போது மறைத்தது அவனுடைய ஒரே நல்ல கண்ணாக இருக்கலாம்.

சில குழந்தைகளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இருக்காது, பார்வை தாமதமாக விழிக்கும். நான்கு, ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். உங்கள் மகனும் அப்படி இருக்கலாம், இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கண்ணையும் நரம்பையும் சோதித்து வேறு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மருத்துவர் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அத்தை சொல்லக் கூடியது அல்ல. பிறந்தவுடன் அழாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை என்றால் கண் சரியாக இருந்தும் மூளையில் பார்வை பதியாமல் போகலாம். அதைப் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்ச் சொல்லுங்கள். கருவிழிகள் ஊஞ்சல் மாதிரி ஓயாமல் ஆடினாலோ, விரலால் கண்ணைக் குத்தி அழுத்திக்கொண்டே இருந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள். அத்தையையும் அழைத்துப் போங்கள், நேரில் கேட்டால் அவருக்கும் மனசு ஒப்பும்.

கேள்வி: 1 வருடம் 8 மாதப் பேத்திக்கு இடது கண் மூக்குப் பக்கம் ஓடுகிறது. மாறுகண் இருந்தால் யோகம், கை வைக்காதே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மகளும் மருமகனும் ஸ்கூலில் சேர்க்கும்போது பார்க்கலாம் என்கிறார்கள்.
(ஒரு வாசகி, சிவகாசி)

பதில்: அம்மா, இதற்கு டாக்டராகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு அக்காவாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்கு இரண்டு வயதில் வலது கண் லேசாக உள்ளே திரும்பியது. எங்கள் வீட்டிலும் யோகம் என்றார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்காமல் ஊரில் ஒரு மருத்துவரிடம் தூக்கிப் போனாள். "வளர வளரச் சரியாகிவிடும், ஸ்கூல் போகும்போது பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் இடது கண்ணை மூடச் சொன்னார்கள். அட்டையில் இருந்த மேல்வரிசைப் பெரிய எழுத்துகூட அவனுக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். விளையாடுகிறான் என்று நினைத்துத் தலையில் ஒரு தட்டு தட்டினேன். பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை, கண் தகுதி கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது செம்பின் விளிம்பை டம்ளர் மேல் தொட்டுவைத்துத்தான் ஊற்றுவான், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அவனால்தான்.

ஏன் இப்படி ஆகிறது? இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் போகும். குழந்தையின் மூளை குழப்பத்தைத் தவிர்க்க ஒரு படத்தை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். இதைச் சோம்பேறிக் கண் என்கிறோம். கண் ஒன்றும் சோம்பேறி இல்லை, அதற்கு வேலை கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சிறு வயதில் மூடிவைத்து, பிறகு திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்கு உரிய இடம் மற்றக் கண்ணுக்குப் போய்விட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடினால் அப்படி ஆகவில்லை. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், இதற்கு ஒரு காலம் உண்டு. ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். அதன் பிறகும் முயற்சி செய்வோம், ஆனால் கிடைப்பது குறைவு.

முதல் மூன்று நான்கு மாதம் வரை எப்போதாவது கண் விலகுவது இயல்பு. மூக்கு அடி பரந்து, கண்ணின் உள்மூலையைத் தோல் மூடியிருந்தால் மாறுகண் போலத் தோன்றும், ஆனால் இருக்காது. பிளாஷ் போட்டு நேராக எடுத்த படத்தில் இரண்டு கண்ணிலும் பிளாஷின் சிறு வெள்ளைப் புள்ளி கண் பாப்பாவின் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒரே இடம் என்றால் பெரும்பாலும் பொய் மாறுகண். உங்கள் பேத்திக்கு ஓடுவது இடது கண் மட்டும்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் காட்டியே ஆக வேண்டும்.

உடனே கத்தி எடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். தூரப்பார்வைக் குறையால் வரும் மாறுகண் கண்ணாடி போட்டாலே நேராகிவிடுவது உண்டு. பார்வை மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி ஒட்டுவோம். நடுத்தரக் குறைக்கு இரண்டு மணி நேரமே போதும் என்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பாட்டி கதை சொன்னால், பயறு பொறுக்கி விளையாடினால் ஒட்டைப் பிய்க்க மாட்டாள். அறுவை தேவைப்பட்டால் அது கண்ணை நேராக்கும், பார்வையைக் கொண்டுவராது. அதனால் பார்வைச் சிகிச்சை முதலில்.

யோகத்தைப் பற்றி: பேத்தி வாழ்வாள், நன்றாகவே வாழ்வாள். இரண்டு கண்ணோடு வாழட்டும்.

கேள்வி: ஐந்து மாத மகளுக்குப் பெரிய, அழகான கண். எல்லோரும் சொல்கிறார்கள், நான் தினமும் திருஷ்டி கழிக்கிறேன். ஆனால் எப்போதும் நீர் வடிகிறது. வெயிலில் தூக்கிப் போனால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். நான் கட்டியது தாய்மாமனை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
(பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்: உண்டாக இருக்கலாம். இந்த வாரம் அல்ல, நாளைக்கே போங்கள்.

கண்ணில் நீர் வடியும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். பீளை கட்டும், வெளிச்சத்துக்குப் பயம் இருக்காது, கண் அளவாகத்தான் இருக்கும். கையைக் கழுவி, நகம் வெட்டிய சுண்டுவிரலால் மூக்கை ஒட்டிய உள்மூலையில் அழுத்திக் கீழ்நோக்கி நீவினால், ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்துவிடும். ஆனால் நீர் வடிதல், வெளிச்சக் கூச்சம், பெரிய கண் மூன்றும் சேர்ந்தால் அது பிறவிக் கண்ணழுத்த நோயாக இருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறுவதால் குழந்தையின் இளசான கண் பலூன் மாதிரி விரிகிறது. பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். முதல் வயதில் 12-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவோம். கருவிழி நீலம் பூத்தோ, புகை படிந்தோ தெரியும். அழுத்தத்தைக் குறைக்கப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி, பிறகு ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு. ரத்த உறவுத் திருமணங்களில் இந்த நோய் கூடுதலாக வருகிறது. அதற்காக உங்களையோ அவரையோ நொந்துகொள்ள வேண்டாம். அடுத்த பிள்ளை பிறந்தால் முதல் வாரமே காட்டுங்கள், அது போதும்.

கேள்வி: பேரன் 31 வாரத்தில் பிறந்தான், எடை 1,400 கிராம். 34 நாள் இன்குபேட்டரிலும் வார்டிலும் வைத்திருந்து நேற்று அனுப்பினார்கள். கண் டாக்டர் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது 1,900 கிராம் ஆகிவிட்டான். இனித் தேவையா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: ஐயா, மிக அவசரம். 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 2,000 கிராமுக்குக் குறைந்தவர்கள் எல்லோருக்கும் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் கீழே என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. எடை கூடியதை வைத்து விட்டுவிடக் கூடாது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியும் முன்பே குழந்தை வெளியே வந்துவிட்டது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்துவிடலாம். வெளியே இருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும், தெரியவே தெரியாது. உரிய நேரத்தில் லேசரோ ஊசியோ கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நேரம் தவறினால் இருட்டு. 1996-ல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்து, இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லாததால் பார்வை இழந்த ஒரு பெண் குழந்தைக்கு, 2015-ல் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. பத்தொன்பது வருடம் கழித்து வந்த பணம் அது.

உங்கள் பேரனுக்கு 30 நாள் கடந்துவிட்டது. இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் உங்களுக்கும் போனில் சொல்லிவிட்டேன். முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும், "போதும்" என்று அவர்கள் சொல்லும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

கேள்வி: கண் சிவந்தால் தாய்ப்பால் விடலாமா? விளக்கெண்ணெய்?
(ஒரு வாசகி, நாங்குநேரி)

பதில்: இரண்டும் வேண்டாம். தாய்ப்பால் வயிற்றுக்கு அமிர்தம், கண்ணில் விட்டால் கிருமிக்கும் உணவு. கண்ணுக்குள் மையும் வேண்டாம். கன்னத்தில் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேரட், முருங்கைக்கீரை நிறையக் கொடுத்தால் கண்ணாடி தேவைப்படாதாமே?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் எல்லாம் வைட்டமின் ஏ-க்கு நல்லவை, மாலைக்கண்ணைத் தடுக்கும். ஒன்பதாம் மாத ஊசியோடு தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தையும் தவறவிடாதீர்கள். ஆனால் கண்ணாடி தேவைப்படுவது கண்ணின் அளவாலும் வளைவாலும். அதைக் கீரை மாற்றாது.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் படப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறான். வாசல் படியில் காலைத் தடவித் தடவி இறங்குகிறான். வெளியே போனால் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். அவன் அம்மாவிடம் சொன்னால், "எழுத்தே தெரியாதவனுக்கு எப்படிக் கண் டெஸ்ட் பண்ணுவாங்க, படிக்கட்டும்" என்கிறார்.
(ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: நீங்கள் எழுதிய மூன்றும் சரியான கவனிப்பு. மூக்கோடு ஒட்டிப் பார்ப்பது கிட்டப்பார்வையாக இருக்கலாம். படி தடவுவது ஆழம் தெரியாததால். வெயிலில் ஒரு கண்ணை மூடுவது, வெளிப்பக்கம் ஓடும் மாறுகண்ணில் அடிக்கடி பார்ப்பது. இத்தோடு தலையைச் சாய்த்தே பார்க்கிறானா, எதிரே நீட்டிய பிஸ்கெட்டைக் கை தவறிப் பிடிக்கிறானா என்றும் கவனியுங்கள்.

அவன் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். பையன் ஒரு வார்த்தை பேச வேண்டாம். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்ததும், ஒரு சின்ன விளக்கின் கோட்டு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் ஆட்டிப் பார்ப்போம். திரும்பி வரும் நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பிடித்தால் பவர் தெரிந்துவிடும். ஆறு மாதக் குழந்தைக்கே இப்படித்தான் கண்ணாடி எழுதுகிறோம். சொட்டு மருந்து விட்ட நாள் வெளிச்சம் கூசும், தொப்பி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

செலவுக்குத் தயங்கினால், 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை உங்கள் மையத்துக்கே வருமே, அவர்கள் வழியாக, சிறு பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். அடுத்த வருகை தள்ளியிருந்தால் காத்திருக்க வேண்டாம், நீங்களே சீட்டு எழுதி அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்புங்கள். சீட்டில் "பார்வைக் குறைபாடு" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், எனக்கு எழுதிய அந்த மூன்று வரிகளையும் அப்படியே எழுதிக் கொடுங்கள்.